மலைக்கோட்டை மாமா பதில்கள்: 94 ஆட்டம், 3 கோல்

இந்த வாரம் வந்த அஞ்சலட்டைகளில் பாதி கால்பந்து. சரி, ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு பேசிவிடுவோம். ஆள்: ஆந்த்ரே ஸ்கெம்ப்ரி. நாடு: மால்டா.

தில்லைநகர் வாசகர்: மெஸ்ஸி, ரொனால்டோ எல்லாம் இருக்க, யார் சார் இந்த ஸ்கெம்ப்ரி?

மெஸ்ஸியைப் பற்றிப் பேச உலகமே இருக்கிறது. ஸ்கெம்ப்ரி நம்ம சென்னை நேரு ஸ்டேடியத்தில் வியர்வை சிந்தியவர். தன் நாட்டுக்காக 94 ஆட்டம் ஆடியவர். 2019-20 சீசனில் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டை போட்டார். இந்தியன் சூப்பர் லீக்கில், அதாவது ஐ.எஸ்.எல்லில், ஆடிய முதல் மால்டாக்காரர் அவர்தான். வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியைத் தெரியாது என்று சொல்லலாமா?

உறையூர் வாசகி: மால்டா எங்கே இருக்கிறது?

இத்தாலியின் காலடியில் சிசிலி. அதற்கும் தெற்கே, மத்தியதரைக் கடலில் ஒரு கைப்பிடி நிலம். பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நம்ம திருச்சி மாவட்டம் சுமார் 4,400. மாவட்டத்துக்குள் 13 மால்டாவை அடுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் பிள்ளைகளுக்கு நூறு மைதானம் போடலாம்.

ஸ்ரீரங்கம், மேல உத்திர வீதி வாசகர்: அதைவிடச் சின்ன நாடு உண்டா?

வாடிகன். 44 ஹெக்டேர், ஏறக்குறைய 109 ஏக்கர். நம்ம ரங்கநாதர் கோயில் வளாகம் 156 ஏக்கர். வாடிகனுக்கும் ஒரு கால்பந்து அணி இருக்கிறது, ஃபிஃபாவில்தான் உறுப்பினர் இல்லை. பிராகாரத்துக்கு ஒரு டீம் என்று போட்டால் ஸ்ரீரங்கத்தில் ஏழு டீம் லீக்கே நடத்தலாம்.

பாலக்கரை வாசகர்: நான் 'ஷெம்ப்ரி' என்று படித்தேனே. எது சரி?

ஸ்கெம்ப்ரி. இத்தாலியப் பக்கத்து உச்சரிப்பு. 'ஷெ' என்று எழுதியது ஆங்கில எழுத்தைப் பார்த்த கை. திருச்சிராப்பள்ளியை 'ட்ரிச்சினாப்பலி' என்று வெள்ளைக்காரன் எழுதியபோது நமக்கு எப்படி இருந்ததோ, அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

காஜா மலை வாசகர்: அங்கே என்ன பாஷை? ஆங்கிலமா, இத்தாலியனா?

இரண்டும் புழங்கும். வீட்டு மொழி மால்டீஸ். அரபு வழி வந்த மொழி, எழுதுவது ரோமன் எழுத்தில். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். கடவுளை 'அல்லா' என்று அழைக்கிறார்கள், தவக்காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரந்தான்'. நத்தர்வலி தர்காவும் லூர்து மாதா கோயிலும் உச்சிப்பிள்ளையாரும் ஒரே நடையில் பார்த்து வளர்ந்த திருச்சிக்காரனுக்கு இதில் ஆச்சரியம் என்ன?

திருவானைக்கோவில் வாசகர்: வாத்தியார் மகன் வாத்தியார் என்பதுபோல கால்பந்திலும் பரம்பரை உண்டா?

உண்டு. தாத்தா சால்வினு ஸ்கெம்ப்ரி, அப்பா எரிக் ஸ்கெம்ப்ரி, பேரன் ஆந்த்ரே. மூன்று பேரும் மால்டா தேசிய அணிக்கு ஆடியவர்கள். மூன்று தலைமுறையாக ஒரே சட்டை. தைத்த தையல்காரர் மட்டும் மாறியிருப்பார்.

லால்குடி வாசகர்: 94 ஆட்டத்தில் எத்தனை கோல் போட்டார்?

மூன்று. சிரிக்க வேண்டாம், அடுத்த பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே லால்குடி வாசகர்: மூன்று கோலுக்கு ஒரு பக்கமா?

அதில் இரண்டை ஒரே ராத்திரியில் போட்டார். 2006 அக்டோபர் 11, மால்டாவின் தா ஆலி மைதானம், ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரே ஹங்கேரி. 1953-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கிய ஹங்கேரியின் பேரப்பிள்ளைகள். மால்டாவோ அதற்கு முன் போட்டி ஆட்டம் ஒன்றை ஜெயித்தது 1993-ல், எஸ்தோனியாவை எதிர்த்து. இடையில் 13 வருஷம், போட்டி ஆட்டத்தில் ஒரு வெற்றி கிடையாது.

அன்றைக்கு ஸ்கெம்ப்ரிக்கு வயது 20. முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதி தொடங்கியதும் இன்னொன்று. மால்டா 2, ஹங்கேரி 1.

ஹங்கேரியின் பயிற்சியாளர் பீட்டர் போஷிக். 1953 வெம்ப்ளி அணியில் ஆடி, அன்று கோலும் போட்ட யோஷெஃப் போஷிக்கின் மகன். அந்தத் தோல்வியோடு அவர் வேலை போயிற்று. ஒரு வீட்டுப் பேரன் அடித்த அடியில் இன்னொரு வீட்டு மகனின் நாற்காலி கவிழ்ந்தது. மூன்று கோல் குறைச்சல் என்றீர்களே, இப்போது சொல்லுங்கள்.

முசிறி வாசகி: ஹங்கேரிக்காரர்கள் அவரை மன்னித்தார்களா?

சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டார்கள். சில வருஷம் கழித்து புடாபெஸ்டின் புகழ்பெற்ற ஃபெரென்ட்ஸ்வாரோஷ் கிளப்பிலேயே ஆடினார். அடித்தவனையே வேலைக்கு வைத்துக்கொள்வது கெட்டிக்கார முதலாளிகளின் பழக்கம்.

எடமலைப்பட்டிபுதூர் வாசகர்: ஒரு கிளப்பில் நிலைக்காமல் ஊர் ஊராகச் சுற்றினாராமே. நிலையில்லாத ஆள்தானே?

கோபப்படுகிறேன் சார். மால்டா லீகில் ஆடியவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்து, சாயங்காலம் பந்து உதைத்தவர்கள். முழுநேரமும் ஆட்டமே பிழைப்பு என்று முடிவெடுத்தால் கப்பல் ஏறத்தான் வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, கிரீஸ், சைப்ரஸ், போர்ச்சுகல், கடைசியில் இந்தியா. ஏழு நாடு, ஏழு சாப்பாடு, ஏழு விதமாகத் திட்டும் ரசிகர்கள். ஒவ்வொரு ஊரிலும் முதல் நாள் 'எந்த நாடு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, வரைபடத்தில் காட்டி, அதற்கப்புறம்தான் பந்தைத் தொட முடியும்.

நம்ம திருச்சி ஏர்போர்ட்டில் சிங்கப்பூர் விமானத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். அவர்களை நிலையில்லாதவர்கள் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

வரகனேரி வாசகர்: சின்ன நாட்டு அணிக்கு ஆடுவதில் என்ன கஷ்டம்?

தோல்வி. 94 ஆட்டத்தில் பெரும்பாலும் தோல்விதான். 1983 டிசம்பரில் செவில் நகரில் ஸ்பெயின் மால்டாவை 12-1 என்று அடித்தது. நெதர்லாந்தைத் தாண்டி ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற ஸ்பெயினுக்கு 11 கோல் வித்தியாசம் தேவைப்பட்டது, சரியாக அந்தக் கணக்கிலேயே முடித்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன்கள் மறுபடியும் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்களே, அங்கேதான் நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

திருவெறும்பூர் வாசகர்: எங்கள் ஏரியா கிரவுண்டில் புல்லே கிடையாது, ஒரே புழுதி. இதில் ஆடி என்ன ஆகப்போகிறது?

மால்டாவின் பழைய மைதானம் எம்பயர் ஸ்டேடியம், க்ஸீரா என்ற ஊரில். அங்கேயும் புல் கிடையாது, மண் தரை. 1967-ல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பைக்காக அங்கே வந்தது மான்செஸ்டர் யுனைடெட். பாபி சார்ல்டன், டெனிஸ் லா, ஜார்ஜ் பெஸ்ட் என்று நட்சத்திரங்கள் நிறைந்த கிளப். எதிரணி ஹைபர்னியன்ஸ். முடிவு 0-0.

மான்செஸ்டரில் நடந்த முதல் ஆட்டத்தை 4-0 என்று ஜெயித்திருந்ததால் யுனைடெட் தப்பித்தது. அடுத்த ஆண்டு வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வீழ்த்தி ஐரோப்பாவுக்கே சாம்பியன் ஆனது. அந்தச் சாம்பியனை ஒரு கோலும் போடவிடாமல் அனுப்பியது மால்டாவின் புழுதி. ஸ்கெம்ப்ரியின் முதல் கிளப் எது தெரியுமா? அதே ஹைபர்னியன்ஸ்.

மேலப்புதூர் வாசகர்: அந்தப் புழுதி அணியின் கோச் யார்?

ஒரு பாதிரியார். ஃபாதர் ஹிலரி தல்யாஃபெரோ. திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விசில் ஊதிய ஃபாதர்களிடம் பந்து உதைக்கப் பழகிய ஆட்கள் இன்னும் மெயின்கார்டு கேட் பக்கம் நடமாடுகிறார்கள். பூசைக்கு லேட்டாக வந்தால் மன்னிப்பார்கள், பிராக்டீஸுக்கு லேட்டாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

கே.கே.நகர் வாசகர்: சென்னைக்கு வந்து என்ன சாதித்தார்?

2019-20 சீசன். முதல் நான்கு ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. ஒரு கோல் போடவில்லை. நான்கே நான்கு ஆட்டம்தான், ரசிகனுக்கு நாற்பது மாதிரி இருக்கும். ஐந்தாவது, நவம்பர் 25, ஹைதராபாதுடன், நேரு ஸ்டேடியத்தில். 90 நிமிஷம் முடிந்தது, 0-0. பாதிப் பேர் பார்க்கிங்கில் வண்டிச் சாவியைத் தேடும் நேரம்.

காயங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் ஸ்கெம்ப்ரி போட்டார். சீசனின் முதல் கோல். கொண்டாடி முடிப்பதற்குள் ஹைதராபாதின் கில்கேலன் சமன் செய்துவிட்டார். அழுகை தொண்டைக்கு வருவதற்குள் லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் இன்னொன்று. 2-1. ஒன்றரை மணி நேரம் பூட்டிக் கிடந்த வலைக்குள் சில நிமிஷங்களில் மூன்று பந்து. முன்னாடியே எழுந்து போனவர்களுக்கு வாழ்நாள் தண்டனை அது.

துவாக்குடி வாசகர்: கேரளா பிளாஸ்டர்ஸை அடித்தாரா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

அடித்தார். 2019 டிசம்பர் 20, நான்காவது நிமிஷம். ஆட்டம் 3-1 நமக்கு. பாலக்காட்டுச் சம்பந்தி வீட்டுக்கு இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்புங்கள்.

மண்ணச்சநல்லூர் வாசகி: அந்த சீசனில் கடைசியில் கப்பு கிடைத்ததா?

கிடைக்கவில்லை அம்மா. ஆனால் கதை கப்பைவிடப் பெரிது. ஆறு ஆட்டத்தில் ஐந்தே புள்ளி என்ற நிலையில் பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார், ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்திலிருந்து ஏறி நான்காம் இடம். அரையிறுதியில் கோவாவை சென்னையில் 4-1, அங்கே போய் 2-4, மொத்தக் கணக்கில் 6-5. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14, கோவாவின் ஃபடோர்டா மைதானம். எதிரே ஏ.டி.கே. கொரோனா வந்துவிட்டது, ஒரு ரசிகர் கிடையாது. 3-1 என்று தோற்றோம். நம்ம ஒரே கோல் வால்ஸ்கிஸுடையது.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு இறுதி ஆட்டம். தேர் ஓடுகிறது, நான்கு வீதியிலும் ஆள் இல்லை என்று நினைத்துப் பாருங்கள். அதோடு ஸ்கெம்ப்ரியும் அந்த ஆண்டே ஓய்வை அறிவித்தார்.

ஸ்ரீரங்கம், கீழச் சித்திரை வீதி வாசகர்: வால்ஸ்கிஸ், நெரியுஸ்... என்ன பெயர்கள் இவை? சம்ஸ்கிருதம் மாதிரி காதில் விழுகிறதே?

சபாஷ், உங்கள் காதுக்கு ஒரு சால்வை. லித்துவேனிய மொழி தன் பழைய வடிவங்களை விடாமல் காப்பாற்றிவரும் மொழி. நெருப்புக்கு 'உக்னிஸ்', அதாவது அக்னி. கடவுளுக்கு 'தியெவஸ்', அதாவது தேவ. மகனுக்கு 'சூனுஸ்', சம்ஸ்கிருதத்தில் ஸூனு. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதால் வந்த ஒற்றுமை. வால்ஸ்கிஸை உத்திர வீதிப் பாடசாலைக்குள் விட்டிருந்தால் ஒரு வாரத்தில் ரூப அட்டவணை ஒப்பித்திருப்பார்.

பீமநகர் வாசகர்: லித்துவேனியாவும் சின்ன நாடுதானா?

சுமார் 28 லட்சம் பேர். 2011 கணக்குப்படி நம்ம திருச்சி மாவட்டத்தில் 27 லட்சம். அங்கே பிள்ளை பிறந்தால் கையில் கொடுப்பது கூடைப்பந்து. அந்த ஊரிலிருந்து கால்பந்துக்கு வந்து, 15 கோல் போட்டு, ஐ.எஸ்.எல் தங்கக் காலணியைக் கொண்டுபோனார் வால்ஸ்கிஸ். அதே 15-ஐ இன்னும் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். நைஜீரியாவின் ஒக்பெச்சே, ஃபிஜித் தீவின் ராய் கிருஷ்ணா. சமநிலை உடைக்கும் விதி வால்ஸ்கிஸ் பக்கம் சாய்ந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் சின்ன நாட்டுக்காரர்கள் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சமயபுரம் வாசகர்: அப்பாவும் மகனும் ஒரே ஆட்டத்தில் ஒரே அணிக்கு ஆடியதுண்டா?

ஐஸ்லாந்து. 1996 ஏப்ரல் 24, எஸ்தோனியாவின் தாலின் நகரம். அப்பா அர்னோர் குட்ஜான்சன் வெளியே வர, அவருக்குப் பதிலாக 17 வயது மகன் எய்துர் உள்ளே போனார். ஐஸ்லாந்து 3-0. இந்த எய்துர் பின்னால் செல்சி, பார்சிலோனாவில் ஆடி, 2016-ல் புனே அணிக்கு ஒப்பந்தமாகி, காயத்தால் ஆடாமலே திரும்பினார். ஆடியிருந்தால் இந்தப் பகுதி இன்னொரு பக்கம் நீண்டிருக்கும்.

சிந்தாமணி வாசகர்: எல்லாம் வெளியூர்க் கதை. ஹங்கேரியை எதிர்த்து நம்ம ஆள் யாராவது ஆடியிருக்கிறார்களா?

1960 ரோம் ஒலிம்பிக்ஸ். இந்தியாவின் பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றோம். பிரான்ஸுடன் 1-1. பெருவிடம் 1-3. அந்தப் பெரு ஆட்டத்தின் ஒரே இந்திய கோலைப் போட்டவர் தமிழ்நாட்டுக்காரர், சைமன் சுந்தரராஜ். அதற்கப்புறம் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் பக்கமே போகவில்லை. ஆகவே ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கடைசி கோல் இன்றைய தேதி வரை ஒரு தமிழனின் கோல்.

இன்னொன்று. 1973-ல் கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராஃபி ஜெயித்ததே, அந்த அணியின் கோச்சும் இதே சைமன் சுந்தரராஜ்தான். துவாக்குடிக்காரர் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பும் கவரில் இதையும் வைத்துவிடலாம்.

அரியமங்கலம் வாசகி: என் மகன் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். என்ன செய்ய?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். கணக்கு பீரியடில் பந்து ஆடவிடுவார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆடவிடாவிட்டால் பந்து பீரியடில் கணக்கும் வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், பத்து அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புத்தூர் வாசகர்: 5 லட்சம் பேர் உள்ள நாடு தேசிய அணி வைத்திருக்கிறது. 27 லட்சம் பேர் உள்ள நம்ம மாவட்டம்?

ஐந்து மால்டா அளவு ஜனம். ஆனால் ஒரு மைதானம் காலியாகக் கிடந்தால் நமக்குக் கை அரிக்கிறது. பொருட்காட்சி போடுவோம், கூட்டம் போடுவோம், கார் நிறுத்துவோம், கடைசியில் காம்ப்ளெக்ஸ் கட்டுவோம். மால்டாவில் நிலம் நம்மைவிடப் பஞ்சம். அங்கே பேட்டைக்குப் பேட்டை கிளப், கிளப்புக்கு ஒரு வயதான கோச், அவர் பின்னால் முப்பது பொடியன்கள். ஸ்கெம்ப்ரிகள் அப்படித்தான் கிடைக்கிறார்கள். உங்கள் தெருவில் காலி மனை இருந்தால் இரண்டு கல்லை வையுங்கள். கோல் போஸ்ட் ரெடி.

தென்னூர் வாசகர்: திருச்சியிலிருந்து சென்னை போய் ஐ.எஸ்.எல் மேட்ச் பார்க்க வழி?

காலையில் பல்லவன், மத்தியானம் எழும்பூர். ஆட்டம் ராத்திரி. நேரு ஸ்டேடியத்திலிருந்து எழும்பூர் பக்கம்தான். முடிந்ததும் வந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால், விடியற்காலை காவிரிப் பாலத்தில் கண் விழிக்கலாம். ஒன்று மட்டும், 90 நிமிஷம் ஆனதும் எழுந்துவிடாதீர்கள். ஹைதராபாத் ஆட்டம் ஞாபகம் இருக்கட்டும்.

ஜீயபுரம் வாசகர்: மால்டாவின் ஆகப் பெரிய ஆட்டக்காரர் ஸ்கெம்ப்ரிதானா?

கோல் கணக்கில் மைக்கேல் மிஃப்சூத். 2007-ல் கோவென்ட்ரி சிட்டிக்காக ஓல்ட் டிராஃபோர்டிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இரண்டு கோல் போட்டார், 2-0. 2008-ல் லீக்டன்ஸ்டைனை மால்டா 7-1 என்று வென்றபோது அதில் ஐந்து அவருடையது. ஆனால் ஹங்கேரி ராத்திரியும் ஏழு நாட்டுப் பயணமும் சேர்ந்த வாழ்க்கை என்றால் என் ஓட்டு ஸ்கெம்ப்ரிக்கு.

பொன்மலை, ரயில்வே காலனி, வயது 12: மாமா, நான் தினமும் சாயங்காலம் ஆடுகிறேன். ஸ்கெம்ப்ரி மாதிரி ஆக முடியுமா?

ஹங்கேரியை வீழ்த்திய அன்றைக்கு அவருக்கு வயது 20. உனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது தம்பி.